குறும் ஆள்களப் பெயர்களின் ஏலமும் நியாயமும்

இணையத் தளமொன்றை அடைவதற்கு நாம் தட்டெழுதும் முகவரியே ஆள்களப் பெயராகும். 'டொமைன்' என்ற சொல்லாலும் அது பெரிதும் வழங்குகின்றது. இப்பெயர் நிலம்போல் இயற்கை தந்த பொருளன்று; உழைப்பினால் ஆக்கப்படும் பண்டமுமன்று; பதிவேடொன்றில் இடம்பெறும் ஒரு வரி மாத்திரமே. அவ்வரியை ஓராண்டு பேணுவதற்குப் பொதுவாகச் சில டொலர்களே செலவாகின்றன. ஆயினும், 2010ஆம் ஆண்டிலே கொலம்பியாவுக்குரிய 'கோ' என்னும் பின்னொட்டின்கீழ் 'ஓ' என்ற ஒற்றையெழுத்துப் பெயரை ஓவர்ஸ்டொக் என்னும் அமெரிக்க வணிக நிறுவனம் 350,000 டொலர் கொடுத்துப் பெற்றது. இத்தகைய விலை எவ்வாறு தோன்றுகின்றது, அது தீர்மானிக்கப்படும் முறை நியாயமானதா என்பனவே இங்கு நாம் நோக்க விழைபவை.

விலையின் முதற் காரணம் எண்கணிதமே. இலத்தீன் எழுத்துக்கள் 26. ஈரெழுத்துப் பெயர்கள் 676. மூவெழுத்துப் பெயர்கள் 17,576. பெயர் குறுகக் குறுக அருமை பெருகுகின்றது. எனினும் இவ்வருமை முழுவதும் எண்ணிக்கையால் விளைந்ததன்று. 'கொம்' பின்னொட்டின்கீழ் ஒற்றையெழுத்துப் பெயர்கள் 1993ஆம் ஆண்டிலே ஒதுக்கிவைக்கப்பட்டன. அதற்கு முன்னரே பதிவாகியிருந்த கியூ, எக்ஸ், இசட் ஆகிய மூன்றுமே புழக்கத்தில் எஞ்சின. ஆகவே பற்றாக்குறையில் ஒரு பகுதி நிர்வாக ஆணையின் விளைவாகும். தமிழில் ஓரெழுத்துப் பெயரைப் பதிந்தாலும், அது உள்ளே இலத்தீன் குறிகளாலான நீண்ட சரமாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. குறுமை என்ற செல்வமும் ஒரு வரிவடிவத்துக்கே உரியதாய் அமைந்துவிட்டது.

அரிய பெயரை யாருக்கு வழங்குவது? ஜேர்மனியின் பதிவகம் 2009 ஒக்டோபர் 23ஆந் திகதி ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்களை முந்தியவருக்கே வழங்குவது என்ற விதிப்படி திறந்துவிட்டது. சமத்துவமானதாகத் தோன்றும் இவ்விதி, விரைந்து கோரிக்கை அனுப்பும் பொறிகளை உடையோருக்கே வாய்ப்பளிப்பது. பிரித்தானியாவில் 2011ஆம் ஆண்டிலே இத்தகைய பெயர்கள் வெளியிடப்பட்டபோது வணிகக்குறி உரிமையாளருக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஒரே பெயரைப் பலர் கோரியவிடத்து ஏலம் நடைபெற்றது. மிகுதி வருவாய் பொதுநல அறக்கட்டளையொன்றுக்குச் சென்றது. எம் கருத்தில், பணம் எங்கு சேர்கின்றது என்ற வினாவை மறவாத ஏற்பாடு என்ற அளவில் இது மேலானது.

ஏலத்தை ஆதரிப்போர் கூறும் நியாயம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. வில்லியம் விக்ரி 1961ஆம் ஆண்டிலே விளக்கியவாறு, மூடிய உறையில் விலை கேட்கும் ஏலத்திலே அதிகம் கேட்டவர் இரண்டாவது உயர்ந்த விலையை மட்டும் செலுத்துவாராயின், ஒவ்வொருவரும் தாம் மெய்யாக மதிக்கும் தொகையைக் கேட்பதே அவருக்கு நன்மை பயப்பது. வெளிப்படையாக ஏறிச்செல்லும் ஏலத்திலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கின்றது: கடைசியாக விலகியவர் நின்ற இடத்திலே விலை நிலைகொள்கின்றது. அதாவது, வென்றவர் செலுத்தும் விலையைத் தீர்மானிப்பவர் தோற்றவரே. ஏலத்தின் நியாயம் முழுவதும் அந்தத் தோற்றவர் மெய்யான வாங்குநரா என்பதிலேயே தங்கியுள்ளது.

அவர் மெய்யானவரல்லர் எனில் நிகழ்வது யாது? காலாவதியான பெயர்களை ஏலமிட்ட ஸ்நாப்நேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், தன் ஊழியர் ஒருவரே புனைபெயரில் ஏலங் கேட்டு வந்ததை 2009 நவம்பரில் தானே வெளியிட்டது. 2005 முதல் நடந்த ஏலங்களில் ஏறத்தாழ 5 சதவீதம் இதனாற் பாதிக்கப்பட்டனவென அது அறிவித்தது. கூடுதலாகச் செலுத்தியோருக்கு வட்டியுடன் பணத்தை மீளளிக்கவும் முன்வந்தது. ஊர்ச் சந்தை ஏலத்திலே ஏற்றிவிடுபவனைக் கூட்டத்தார் முகம் பார்த்து அறிவர். திரைக்குப் பின்னால் நடக்கும் ஏலத்திலோ கணக்கேடுகளைப் பார்ப்பவர் மாத்திரமே அறியமுடியும். அவ்வேடுகளும் ஏலமிடுபவர் கையிலேயே உள்ளன.

வென்றவரும் முகமூடி அணியலாம். 2016 ஜூலையில் 'வெப்' என்னும் மூவெழுத்துப் பின்னொட்டு, ஐகான் அமைப்பு நடத்திய ஏலத்தில் 135 மில்லியன் டொலருக்கு நூ டொட் கோ என்ற நிறுவனத்திடம் சென்றது. 'கொம்' பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனமே அதற்குப் பணம் வழங்கியமை ஏலம் முடிந்த பின்னரே அறிவிக்கப்பட்டது. போட்டியாளராக வரக்கூடிய பெயரை, சந்தையில் முதன்மை வகிப்பவரே பிறர் பெயரால் வாங்க முயல்வது முறையாகுமா என்ற பிணக்கு பல்லாண்டுகள் நீடித்தது.

இவற்றினும் விசித்திரமானது, 2012ஆம் ஆண்டு விண்ணப்பச் சுற்றில் போட்டியாளர் தமக்குள் நடத்திய தனியார் ஏலங்கள். அவற்றில் வென்றவர் செலுத்திய பணம் தோற்றவரிடையே பங்கிடப்பட்டது. விலையைத் தீர்மானிக்கும் தோற்றவருக்கு, தோல்வியே இலாபமாயிற்று. 2026ஆம் ஆண்டுச் சுற்றுக்கான விதிகள் இதனைத் தடைசெய்துள்ளன. ஆனால் 2012இல் 185,000 டொலராயிருந்த விண்ணப்பக் கட்டணம் 227,000 டொலராக உயர்ந்துள்ளது. தகுதிபெறும் சிலருக்கு மட்டுமே சலுகை உண்டு.