அலாரத்தைக் கேட்டு அணையும் அடுப்பு

அமெரிக்காவில் மின் அடுப்பு வைத்திருக்கும் சில வீடுகளில், மறதிக்குக் காவலாக ஒரு சிறு கருவியும் இருக்கும். புகையை முகரும் திறன் அதற்கு இல்லை. கூரையிலுள்ள புகை அலாரம் அலறுவதை மைக் வழியாகக் கேட்டு, அடுப்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. அலாரம் அலறியும் அடுப்பு அணையாவிட்டால், முதலில் சோதிக்க வேண்டியது இதன் காதை.

வெறும் சத்தத்துக்கு அணைவதானால், தட்டு கீழே விழுந்தாலும் சமையல் நின்றுபோகும். அதனால் கருவி தாளத்தைத் தேடுகிறது. அரை விநாடி ஒலி, அரை விநாடி மௌனம் என்று மூன்று முறை; மூன்றாவது ஒலிக்குப் பின் ஒன்றரை விநாடி மௌனம். ஐ.எஸ்.ஓ. 8201 தரம் வகுத்த தாளம் இது. குக்கரும் மூன்று விசில் அடிக்கும்தான். ஆனால் விசில்களுக்கிடையே நிமிடங்கள் ஓடிவிடுவதால் கருவி ஏமாறுவதில்லை.

வீட்டு அலாரங்கள் பலவும் ஏறக்குறைய 3,100 ஹெர்ட்ஸில் கீச்சிடுபவை. பழைய அலாரம் இடைவிடாமல் ஊளையிடும் வகையாகவோ, காது மந்தமானவர்களுக்கான 520 ஹெர்ட்ஸ் வகையாகவோ இருந்தால் கருவிக்கு அது புரியாமல் போகலாம். பேட்டரி தீரும்போது விட்டுவிட்டு வரும் ஒற்றைக் கீச்சைக் கருவி பொருட்படுத்தாதது கோளாறல்ல.

தாளத்தில் ஒலியைப் போலவே மௌனமும் முக்கியம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். இரண்டு அலாரங்கள் முன்பின்னாக அலறினால் ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பிவிடும். மனிதக் காதுக்கு அது இரட்டிப்பு எச்சரிக்கை, கருவிக்கோ அர்த்தமற்ற இரைச்சல். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒலிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். டைல்ஸ் சுவர்களின் எதிரொலியும் இதே குழப்பத்தை உண்டாக்கும். 3,100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். எதிரொலியும் நேரொலியும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் மைக் மாட்டிக்கொண்டால், கருவியைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே கேட்கத் தொடங்கிவிடும்.

அலாரம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் ஒலிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். சாத்திய கதவு இன்னும் குறைக்கும். மைக் துளையில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் காதை அடைக்கும். உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

சோதனைக்குச் செல்போனில் பதிவுசெய்த ஒலியைக் கருவியருகே பிடிப்பது போதாது. தாளம் புரிகிறதா என்பது மட்டுமே அதில் தெரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது, அலாரத்தின் சோதனைப் பொத்தானைச் சில சுற்றுகள் ஒலிக்கும்வரை அழுத்திப் பார்ப்பதே சரி.

மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அடுப்பு அணைந்தால் குற்றம் கருவியுடையதல்ல, அலாரம் இருக்கும் இடத்துடையது. அதை அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி மாட்ட வேண்டும். மாட்டிய பின், அந்தப் புதிய தூரத்திலிருந்தும் கருவிக்குக் கேட்கிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும்.