நரம்பின் பாதை – 7: நடுக்கோட்டைத் தாண்டும் இழை

சென்ற வாரம் கஹாலின் நுண்ணோக்கியோடு நிறுத்தியிருந்தோம். 1890இல் கோழிக்கருவின் தண்டுவடத்தில், வளரும் நரம்பிழையின் நுனியில் ஒரு சிறு கூம்பைக் கண்டார் அவர். விரல்கள் போன்ற மெல்லிய நீட்சிகள் அதிலிருந்து கிளம்பி நாலாபுறமும் துழாவும். ஒத்துப்போகும் பக்கம் இழை நீளும். ஒவ்வாதது பட்டால் கூம்பு சுருங்கிவிடும். ஏதோ ஒரு ரசாயனம் அதை இழுக்கிறது என்று கஹால் ஊகித்தார். அது எது என்று தெரிய நூறு வருடம் பிடித்தது.

1994இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மார்க் டெசியர்-லவீன் குழுவினர் பல்லாயிரம் கோழிக்கருக்களின் மூளையிலிருந்து இரண்டு புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். நெட்ரின் என்று பெயர் வைத்தார்கள். வழிநடத்துபவர் என்ற பொருளுள்ள வடமொழிச் சொல் அதற்கு மூலம்; 'நேதாஜி'யில் இருப்பதும் அதே சொல்தான். இன்னொரு வியப்பு: மண்ணில் வாழும் மிகச் சிறிய உருளைப்புழு ஒன்றிலும் இதே குடும்பத்துப் புரதம் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. புழுவுக்கும் கோழிக்கும் ஒரே வழிகாட்டி!

தண்டுவடத்தின் முதுகுப்பக்கம் பிறக்கும் சில இழைகள் வயிற்றுப்பக்கம் இறங்கி, நடுக்கோட்டைத் தாண்டி, மறுபாதிக்குப் போயாக வேண்டும். நடுக்கோட்டுச் செல்கள் நெட்ரினைச் சுரக்கின்றன; இழை வந்து சேர்கிறது. அவ்வளவு பிடித்த இடத்தை விட்டு அது ஏன் கிளம்புகிறது? இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

பழஈக்கள் விடை சொல்லின. ஒரு மரபணு பழுதான ஈக்களில் இழைகள் நடுக்கோட்டைத் தாண்டும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். சாலை ரவுண்டானாவில் சுற்றும் வண்டியைப் போலிருந்ததால் அந்த மரபணுவுக்கு 'ரவுண்டபவுட்' என்றே பெயரிட்டார்கள், சுருக்கமாக ரோபோ. நடுக்கோட்டுச் செல்கள் ஸ்லிட் என்னும் விலக்கும் புரதத்தையும் சுரக்கின்றன. அதை உணரும் ஏற்பிதான் ரோபோ. தாண்டும்வரை ஈயின் இழை ரோபோவைத் தன் மேற்பரப்புக்கு வரவிடாது, தாண்டியதும் வரவிடும். இழுத்த இடமே அப்போது தள்ளுகிறது. ஆக, கட்டளை வெளியில் மட்டும் இல்லை. அதைக் கேட்கும் இழையின் நிலையிலும் இருக்கிறது.

ஆனால் நெட்ரின் தொலைவிலிருந்து வாசனைபோல் பரவி அழைக்கிறது என்ற பாடநூல் சித்திரம் 2017இல் ஆட்டம் கண்டது. எலிக்கருவின் பின்மூளையில் நடுக்கோட்டு நெட்ரினை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். இழைகள் அப்போதும் நடுக்கோட்டை அடைந்தன. மூளையின் உட்குழியை ஒட்டிய செல்கள் சுரக்கும் நெட்ரினே அங்கு வழியமைத்துக் கொடுத்தது. எனக்கு அது அழைப்பைவிடக் காலுக்கடியில் விரித்த பாதையாகவே தோன்றுகிறது.

மனிதரிலும் இந்தப் பாதை பிசகுவதுண்டு. ரோபோ-3 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் கண்களைப் பக்கவாட்டில் அசைக்க முடியாது, முதுகெலும்பும் வளையும். நெட்ரினை உணரும் டிசிசி ஏற்பியின் மரபணு பழுதான சிலருக்கு, வலக்கை விரலை மடக்கினால் இடக்கை விரலும் தானே மடங்கும்.