மீனைக் குத்தும் முன் மூன்று கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் விடுமுறையில் கிளம்பும் இளைஞர்கள் சில மணி நேரத்தில் வேம்பாரிலோ தூத்துக்குடியிலோ மண்டபத்திலோ போய் நிற்கிறார்கள். மூச்சடக்கி முங்கி, கம்பு ஈட்டியால் பெரிய மீனைக் குத்தித் தூக்கும் காணொளிகள் எல்லோர் கைப்பேசியிலும் ஓடுகின்றன. நாமும் செய்து பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இதில் உயிருக்கும் ஆபத்து உண்டு, சிறைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் தவிர்க்க, தண்ணீரில் கால் வைக்கும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: எந்த இடம்? எந்த மீன்? யார் துணை?

ஈட்டியால் பெருமீன் பிடிப்பது நம் கடலுக்குப் புதிதல்ல. திமில் என்னும் படகில் போன பரதவர், காய்ந்த மூங்கில் காம்பில் எறியுளியைப் பொருத்தி மீன்மேல் வீசியதைக் குறுந்தொகையின் 304-ஆம் பாடல் சொல்கிறது. அன்று அது பிழைப்பு. கடலில் மீனும் மிகுதி. இன்று நிலைமை வேறு.

எந்த இடம்?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் சேர்ந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பரப்பு 560 சதுர கிலோமீட்டர், 1986-இல் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை இருக்கும் இடத்தில்தான் மீன் கூடும். ஆகவே ஈட்டிக்காரர் தேடிப் போகும் இடமும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் விழுகிறது.

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி, தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழையவே கூடாது. மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவது தனிக் குற்றம். துப்பாக்கி மட்டும்தான் ஆயுதம் என்று எண்ண வேண்டாம். கத்தி, தூண்டில் முள், வலை, விலங்கைக் கொல்லக்கூடிய எந்தக் கருவியும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. கம்பு ஈட்டி அதில் அடங்கும். ஒரு மீனையும் குத்தவில்லை என்பது முழு விடுதலை ஆகாது.

இதே விதி நம் ஊர் மலைக்கும் பொருந்தும். செண்பகத்தோப்புக்கு மேலேயும் அய்யனார் கோயில் ஆற்றின் மேற்பகுதியிலும் உள்ள காடு, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஓடையில் ஈட்டியோடு இறங்கினாலும் வழக்குதான்.

எந்த மீன்?

சூரை, வஞ்சிரம் போன்ற மீன்களைப் பிடிப்பதற்குப் பொதுவான தடை இல்லை. ஆனால் திமிங்கலச் சுறா, வேளா மீன் வகைகள், கடற்குதிரைகள், ராட்சதக் களவா ஆகியவை 2001-இலேயே வனவுயிர்ச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆவுளியா எனும் கடற்பசுவும் கடலாமையும் எப்போதுமே தொடக்கூடாதவை. அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினாலும் இதே தண்டனை. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட இக்குற்றங்களைப் பணம் கட்டி முடித்துக்கொள்ள முடியாது. படகும் கருவியும் பறிமுதலாகும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வலையில் கடலாமை தானாக வந்து மாட்டலாம். மீனவர் அதை அறுத்து விடுவிப்பார். ஈட்டியில் எதுவும் தானாக மாட்டாது. பார்த்து, தேர்ந்து, குறிவைத்த பிறகுதான் கை நீள்கிறது. வேண்டாததை விட்டுவிட முடியும் என்பதுதான் ஈட்டியின் சிறப்பு. அதனாலேயே “தெரியாமல் நடந்துவிட்டது” என்ற பேச்சு இங்கே எடுபடாது. அடையாளம் தெரியாத மீனைக் குத்தாதீர்கள். களவாவில் இன்னொரு கவனம் தேவை. பல களவா இனங்கள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின் ஆணாக மாறுபவை. இருப்பதில் பெரியதையே தேடிக் குத்தினால் அந்தப் பாறையில் ஆண் மீன் இல்லாமல் போகும்.

யார் துணை?

மூச்சடக்கி முங்குவோரைக் கொல்வது பெரும்பாலும் சுறா அல்ல, மயக்கம். முங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூச்சு விடத் தூண்டுவது அந்த வாயுதான். தூண்டல் தாமதமாவதால் ஆக்சிஜன் தீர்வது தெரியாமலே கீழே இருந்துவிடுகிறோம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. மேலே வரும்போது அது பாதியாகக் குறைய, நுரையீரலில் மிஞ்சிய ஆக்சிஜனின் அழுத்தமும் சரிகிறது. மேற்பரப்புக்குச் சில அடி கீழே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்ல.

பெருமீன் என்றால் ஆபத்து கூடும். கம்பு ஈட்டிக்குத் துப்பாக்கியைப் போன்ற விசை கிடையாது. பின்முனை ரப்பரை இழுத்துப் பிடித்து விடுவதுதான். மீனுக்கு மிக அருகில் போக வேண்டும். குத்துப்பட்ட சூரை ஓடும்போது ஈட்டியில் கட்டிய கயிறு கையிலோ காலிலோ சுற்றினால் ஆளையும் ஆழத்துக்கு இழுத்துவிடும். கயிற்றை உடம்பில் கட்டக் கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். அறுக்க ஒரு கத்தி எட்டும் இடத்தில் இருக்கட்டும். படகுகள் ஒதுங்கிப் போக மிதவையில் கொடி தெரியட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். தனியாகப் போகவே கூடாது. சங்குகுளிப் படகின் காற்றுக் குழாயை வாங்கிக் கடித்துக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். ஆழத்தில் அதிக நேரம் இருந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி உண்டாகி மூட்டுவலியில் தொடங்கிக் கைகால் செயலிழப்பு வரை போகும்.

ஏதாவது நடந்துவிட்டால்

மயங்கியவரின் முகத்தை உடனே தண்ணீருக்கு மேல் தூக்குங்கள். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். அசைவே இல்லை என்றால் நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, ஆம்புலன்ஸ் 108.

கைது செய்யப்பட்டால் காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். இவை அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு தரும் உரிமைகள். காவலில் இருப்பவர், வருமானம் எவ்வளவானாலும், இலவச வழக்கறிஞர் கேட்கலாம், எண் 15100. விருதுநகர் மாவட்ட நீதிமன்றமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கின்றன.

கடலையே நம்பி வாழும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில், பதிவுபெற்ற மீனவர் விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ 5 லட்சம் ரூபாய் உண்டு. பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம். உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இன்றே கேளுங்கள்.

கடலுக்குப் போகும் தம்பி தங்கைகளே, இடமும் இனமும் உறுதியாகத் தெரியாவிட்டால், மேலே நின்று பார்க்க ஆள் இல்லாவிட்டால், ஈட்டியைக் கரையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மீன் இன்னொரு நாளும் கிடைக்கும். வீட்டுக்குத் திரும்ப வேண்டியது நீங்கள்.