காலி வீதியில் மூச்சு வாங்கும் டர்போ

வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து இரத்மலானைக்கு ஆறேழு கிலோமீற்றர்தான். மாலை நெரிசலில் அந்தத் தூரத்துக்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். தெஹிவளையில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று, கல்கிசை தாண்டி வழி கிடைத்ததும் மிதித்தால் கார் எழும்ப மறுக்கிறது. காலையில் பறந்த அதே கார்தான். "இழுவை இல்லை" என்று உரிமையாளர் கராஜுக்குப் போகிறார். பிளக் மாறுகிறது, இன்ஜெக்டர் கழுவப்படுகிறது, பெற்றோல் திட்டு வாங்குகிறது. பில் ஏறுகிறது, இழுவை திரும்பவில்லை.

பல வேளைகளில் குற்றவாளி இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு. அதைக் குறைப்பதற்கென்று பலவிதமான பொருட்களும் வேலைகளும் விற்பனைக்கு வருகின்றன. சில உண்மையிலேயே பயன் தருபவை. சில வெறும் செலவு. ஒன்று மட்டும் இன்ஜினையே தின்றுவிடக்கூடியது. எதற்குப் பணம் கொடுப்பது, ஏமாந்தால் யாரிடம் போவது என்பதை டர்போ கார் வைத்திருப்பவர் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

இலங்கையில் சிறிய டர்போ கார்கள் பெருகியதற்குக் காரணம் வேகத்தின் மீதான மோகம் அல்ல, வரி. இங்கே வாகன உற்பத்தி வரி இன்ஜினின் கன சென்ரிமீற்றரைப் பார்த்தே ஏறுகிறது. ஆகவே சிறிய இன்ஜினில் டர்போவைப் பூட்டி, பெரிய இன்ஜினின் வலுவைத் தரும் கார்களுக்கு இங்கே கிராக்கி. 1.0 லீற்றர் ஹொண்டா சிவிக் 988 சிசியில் 129 குதிரை வலு தருகிறது. டொயோட்டா ரைஸின் 996 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் 98 தருகிறது. 1.2 லீற்றர் சி-எச்ஆர், 660 சிசி சுசுகி எவ்ரி என்று வரிசை நீளும். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்த கார்களையே வைத்து ஓட வேண்டியிருந்தது. ஹோஸ் காய்ந்து வெடித்ததும், இன்டர்கூலரில் தூசி படிந்து இறுகியதும் அந்தக் காலத்தில்தான்.

காற்று ஏன் சுடுகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்தவர் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார். அழுத்தினால் காற்று சூடாகும். டர்போவில் அது பலமடங்கு. கொழும்பின் பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை டர்போ 0.8 பார் அளவுக்கு அழுத்தினால், 70 சதவீதச் செயற்திறன் உள்ள நல்ல டர்போவிலிருந்துகூட அது ஏறத்தாழ 112 பாகையில் வெளியே வரும். தண்ணீர் கொதிக்கும் நிலையைத் தாண்டிய சூடு. அதை அப்படியே சிலிண்டருக்குள் விட முடியாது என்பதால் இடையில் இன்டர்கூலர் இருக்கிறது. அது தன் வேலையை ஓரளவு ஒழுங்காகச் செய்தால் காற்று 56 பாகைக்கு இறங்கும். 56 பாகைக் காற்று 112 பாகைக் காற்றைவிட 17 சதவீதம் அடர்த்தியானது, அதாவது அதே இடத்துக்குள் அவ்வளவு கூடுதலான ஒட்சிசன்.

வலுக் குறைவது சின்னத் தொல்லை. பெரிய ஆபத்து நொக்கிங். காற்று அளவுக்கு மிஞ்சிச் சூடானால், பிளக்கின் சுடர் பரவி வந்து சேரும் முன்னரே சிலிண்டரின் மூலையில் மீந்திருக்கும் கலவை தானாக வெடிக்கும். பிஸ்டனின் தலையிலும் ரிங் உட்காரும் விளிம்பிலும் அந்த அதிர்ச்சி விழும். இதைத் தடுக்கத்தான் இன்ஜின் கணினி காற்றின் வெப்பத்தை ஒரு சிறிய சென்சர் மூலம் கணத்துக்குக் கணம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூடு கூடினால் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும், டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். ஆகவே கல்கிசையில் கார் எழும்ப மறுத்தது பழுதால் அல்ல. கணினி இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இரத்மலானைக்கு இந்தக் கணக்கோடு ஒரு பழைய உறவு உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானை ஓடுபாதையிலிருந்து பிரித்தானிய வான்படையின் ஹரிக்கேன்கள் எழும்பின. அவற்றின் மெர்லின் இன்ஜினில் காற்றை அழுத்த சுப்பர்சார்ஜர் இருந்தது, அழுத்திய காற்றைக் குளிர்விக்க ஒன்றும் இருக்கவில்லை. அதே இன்ஜினுக்கு இரண்டு கட்டச் சுப்பர்சார்ஜரையும் இன்டர்கூலரையும் சேர்த்த 60 வரிசை, அந்த ஆண்டின் நடுப்பகுதியில் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் சண்டைக்கு வந்தது. இன்று ஒரு சிறிய காரின் முன்புறத்தில் சாதாரணமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளுக்கு அன்று போர்க்களத்தில் இருந்த மதிப்பு அப்படி.

இனி, இன்ஜினையே தின்றுவிடக்கூடியது என்று தொடக்கத்தில் சொன்ன பொருளுக்கு வருவோம். அது பெட்டியில் வரும். "பவர் சிப்", "பெர்ஃபோமன்ஸ் சிப்" என்று பல பெயர்களில் விற்பார்கள். எரிபொருள் மிச்சம், இருபது குதிரை வலு கூடுதல், பூட்டுவது ஐந்தே நிமிட வேலை என்று பெட்டியில் எழுதியிருக்கும். உள்ளே பிரித்தால் இரண்டு வயரும் நடுவில் ஒரு ரெசிஸ்டரும், சில ரூபா பெறுமதி. அதைக் காற்று வெப்பச் சென்சரின் சொக்கெற்றில் செருகச் சொல்வார்கள்.

இந்தச் சென்சர் சூடாகச் சூடாகத் தன் மின்தடையைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. பரவலாகப் பாவனையில் உள்ள பொஷ் சென்சர் ஒன்று 20 பாகையில் ஏறக்குறைய 2,500 ஓம் காட்டும், 80 பாகையில் முந்நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் நிலையான ஒரு ரெசிஸ்டரைச் செருகினால், கணினிக்கு எப்போதும் குளிர்ந்த காற்று வருவதாகவே தெரியும். உள்ளே 70 பாகை, கணினிக்கு 20. பின்தள்ள வேண்டிய தீப்பொறியை அது பின்தள்ளாது. முதல் சில நாட்கள் கார் சற்றுத் துடிப்பாக ஓடுவதுபோலவும் தோன்றலாம், வாங்கியவர் நண்பர்களுக்கும் சிபாரிசு செய்வார். நொக் சென்சர் என்ற இரண்டாவது காவல் இருப்பதால் எல்லா இன்ஜினும் உடனே உடைந்துவிடாது. ஆனால் நொக் சென்சர் நொக்கிங் நடந்த பிறகுதான் கேட்கும். காய்ச்சல்காரரின் வெப்பமானியை ஒளித்து வைத்து "சுகம்" என்று சொல்லும் வைத்தியம் இது. இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதுதான் வேதனை.

சந்தேகமென்றால் சோதிப்பது எளிது. காரின் ஓபிடி சொக்கெற்றில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டரும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றும் போதும். உள்ளெடுக்கும் காற்றின் வெப்பம் அதில் எண்ணாகத் தெரியும். இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் அது வெளி வெப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஓட ஓட ஏறி இறங்க வேண்டும். எப்போது பார்த்தாலும் ஒரே எண்ணில் உறைந்து நின்றால், சென்சர் செத்திருக்கும் அல்லது யாரோ ரெசிஸ்டர் செருகியிருப்பார். பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரு கவனம்: சில கார்களில் இரண்டு சென்சர்கள் இருக்கும், ஒன்று டர்போவுக்கு முன்னால் ஏர் ஃபில்டர் பக்கம், மற்றது இன்டர்கூலருக்குப் பின்னால். முன்னதைப் பார்த்து மனம் குளிர்ந்துவிடக் கூடாது. பின்னது காட்டுவதுதான் இன்ஜின் குடிக்கும் காற்று.

பின்னது நெரிசலில் 60 பாகையைத் தாண்டுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நிற்கும் காரில் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் இல்லை, பக்கத்தில் ஏசி கொண்டென்சர் வேறு சூட்டைக் கக்குகிறது. வீதி திறந்து இரண்டு மூன்று நிமிடம் ஓடியதும் எண் விறுவிறுவென்று இறங்குகிறதா என்பதே கேள்வி. தெற்கு அதிவேகப் பாதையில் சீராக ஓடும்போதும் வெளி வெப்பத்தைவிட முப்பது நாற்பது பாகை மேலேயே நின்றால், எங்கேயோ கோளாறு.

அந்தக் கோளாறு பெரும்பாலும் பஃபருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சின்ன மோதலுக்குப் பிறகு பஃபரைக் கழற்றிப் பூட்டும்போது, கிரில்லிலிருந்து இன்டர்கூலருக்குக் காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் வழியும் அதன் ஓரத்து ஸ்பொஞ்சும் கிளிப் உடைந்து தவறிப்போகும். வெளியே பெயின்ற் பளபளக்கும். உள்ளே காற்று இன்டர்கூலரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ரோர்ச் அடித்துப் பார்த்தால் இலை, பூச்சி, பொலித்தீன் துண்டு எல்லாம் ஃபின்களுக்குள் செருகியிருக்கும். காலி வீதி கடலை ஒட்டியது என்பதால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளை பூத்து உதிர்வதும் உண்டு. சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் வாஷரை மிக அருகில் பிடித்தால் மெல்லிய ஃபின்கள் மடிந்து படுத்துவிடும். குறைந்த அழுத்தத் தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும். ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தால், கசிவை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், காற்று இன்னும் சுடும். அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது அரை மணி வேலை. சி-எச்ஆர் போலத் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் உள்ள கார்களில் அந்தத் தண்ணீரைச் சுற்றவைக்கும் மின் பம்ப் நின்றுவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். மேலே பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், பம்ப் மட்டும் பேசாமல் கிடக்கும்.

பொனற்றுக்குள் திறந்தபடி பூட்டும் கூம்பு ஏர் ஃபில்டர் இங்கே இளைஞர்களுக்குப் பிடித்தமான பொருள். உறிஞ்சும் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கம்பனி கொடுத்த மூடிய பெட்டி கிரில்லுக்கு முன்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. கூம்பு இழுப்பது இன்ஜினைச் சுற்றியுள்ள அனலை. முன்பு போட்ட கணக்கில் 32 பாகைக்குப் பதில் 55 பாகைக் காற்று உள்ளே போனால், டர்போவிலிருந்து வருவது 140 பாகையைத் தொடும்.

பெரிய இன்டர்கூலர் பயன் தரும் மருந்து, ஆனால் அளவு பொருந்த வேண்டும். கண்டபடி பெரிதாகப் போட்டால் அழுத்தம் உள்ளேயே வீணாகும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைக்கும். பஞ்சிகாவத்தையில் பாவித்த இன்டர்கூலர் வாங்குபவர்கள் உள்ளே எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பார்த்துக் கழுவிப் பூட்ட வேண்டும். முந்திய காரின் டர்போ உடைந்த துணுக்குகள்கூட அதற்குள் கிடக்கலாம். எரிபொருளைப் பொறுத்தவரை, டாங்கி மூடியின் உட்பக்கத்தில் எழுதியிருப்பதே வேதம். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலின் தரமே 89 ஒக்டேனில் தொடங்குவதால், அதற்காகச் செய்த கார்களுக்கு நம் 92 போதும். 95 என்று எழுதியிருந்தால் 95 அடிப்பதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒயில் போத்தலில் ஏபிஐ எஸ்பி என்ற தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020இல் வந்த அந்தத் தரம், சிறிய டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் கலவை முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறையும் மனதில் வைத்து வகுக்கப்பட்டது.

"புகைப் பரிசோதனையில் பாஸ், பிறகென்ன?" என்று சிப் விற்பவர் கேட்பார். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடாவருடம் செய்யும் அந்தச் சோதனையில் பெற்றோல் கார் நின்ற இடத்தில், சுமையில்லாமல் ஓட்டப்படுகிறது. டர்போ முழு அழுத்தத்தில் வேலை செய்யும் நிலை அங்கே வருவதே இல்லை. நொக்கிங் பற்றி அந்தச் சான்றிதழ் ஒன்றும் சொல்லாது.

சட்டம் பாவனையாளரைக் கைவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வியாபாரி தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. 31ஆம் பிரிவு பொருளின் தரம், பயன் பற்றிய பொய்யான கூற்றுகளைத் தடுக்கிறது. கராஜ்காரர்கள் அவ்வளவாகப் பேசாதது 32ஆம் பிரிவு. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், எழுதிக் கொடுக்காவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது என்கிறது அது. பஃபரைக் கழற்றியவர் காற்று வழியைப் பூட்டாமல் விட்டது இதற்குள் வரக்கூடிய விடயம்.

முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு, அதில்தான் பலர் தவறுகிறார்கள். 13ஆம் பிரிவின்படி, பொருள் விற்ற அல்லது சேவை செய்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரித்துக் குற்றம் கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம். வழி தெரியாவிட்டால் 1977 என்ற இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தரும் உரிமை.

ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாமல் போய் நின்றால் பேச்சு எடுபடாது. "பில் வேணுமெண்டா வரி சேர்த்துப் போடவேணும் அண்ணை" என்று சொன்னாலும் கேட்டு வாங்குங்கள். என்ன வேலை, எந்தப் பாகம், புதிதா ரீகண்டிஷனா, எத்தனை மாத உத்தரவாதம் என்பது எழுத்தில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் செயலியில் தெரிந்த வெப்ப எண்ணைத் திகதியோடு படம் பிடித்து வைத்தால் வாய்ச்சண்டைக்கே இடமில்லை. தொகை சிறிதென்றால் பிரதேச மத்தியஸ்த சபைக்கும் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

மாற்றங்கள் செய்பவருக்கும் கடமைகள் உண்டு. காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் மறைத்தால், விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் அதையே காரணமாகக் காட்டி நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. கம்பனி உத்தரவாதம் ஓடிக்கொண்டிருக்கும் காரில் சிப் செருகினால் ஏஜென்ற் கைவிரிக்கவும் கூடும். 2025 ஜனவரியில் அனுமதியற்ற மாற்றங்கள், மேலதிகப் பொருத்தல்கள் உள்ள வாகனங்களைப் பொலிஸார் வீதியில் மறித்துப் பார்க்கத் தொடங்கியபோது முதலில் மாட்டியவை பஸ்களும் முச்சக்கர வண்டிகளும். காரின் பொனற்றை வெட்டிக் காற்றுவாய் வைக்க நினைப்பவர், கத்தி வைப்பதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.