உள்நாட்டுப் பயணத்துக்குக் காப்பீடு தேவையா?

ரயில், விமானம், பேருந்து என எதில் முன்பதிவு செய்தாலும், பணம் கட்டும் முன் திரையில் பயணக் காப்பீடு வந்து நிற்கிறது. சில பைசாவிலிருந்து சில நூறு ரூபாய் வரை கேட்கும் இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் ஐந்து இழப்புகளைப் பற்றியவை: விபத்தில் மரணம் அல்லது ஊனம், மருத்துவமனைச் செலவு, பயணம் ரத்தாவது, தாமதம், பெட்டி தொலைவது. இவற்றில் எதற்கெல்லாம் பயணிக்கு ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டால் முடிவெடுப்பது எளிது.

மருத்துவச் செலவிலிருந்து தொடங்கலாம். வெளிநாட்டுக்குக் காப்பீடு எடுக்க முதல் காரணமே இதுதான். இந்தியாவுக்குள் அந்தக் காரணம் பாதி கழன்றுவிடுகிறது. இங்கே வாங்கிய உடல்நலக் காப்பீடு சாதாரணமாக நாடு முழுவதும் செல்லும். மதுரையில் எடுத்த பாலிசியைக் காட்டி ஜெய்ப்பூரில் சிகிச்சை பெறலாம். ஆனால் சில பாலிசிகளில் சிறிய ஊருக்கான குறைந்த பிரீமியம் கட்டியவர் பெருநகரில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கைக் கையிலிருந்து தர வேண்டும் என்ற விதி உண்டு. கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. விபத்துக்கென்றும் பலரிடம் அவர்கள் அறியாமலே பாதுகாப்பு இருக்கிறது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படுகிறது. விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். சொந்த வண்டியில் போகிறவரின் வாகன இன்ஷூரன்ஸில், உரிமையாளர் தாமே ஓட்டும்போது பொருந்தும் 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரயிலைப் பொறுத்தவரை இரண்டு பாதுகாப்புகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று சட்டம் தருவது. 1989 ரயில்வே சட்டத்தின் 124, 124ஏ பிரிவுகளின்படி, ரயில் விபத்தில் ஒருவர் இறந்தால் யார் தவறு என்று நிரூபிக்காமலே குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. 2017 ஜனவரி முதல் அது 8 லட்சம் ரூபாய். முன்பதிவில்லாப் பெட்டியில் டிக்கெட்டுடன் போனவருக்கும் இது பொருந்தும். ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இயற்கையான நோயால் ஓடும் ரயிலில் மரணம் நேர்ந்தால் இந்த இழப்பீடு கிடையாது.

இன்னொன்று 2016-இல் ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கிய விருப்பக் காப்பீடு. ஒரு பயணிக்கு இப்போது 45 பைசா. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 10 லட்சம், பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை. இதை வேண்டாமென்று விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் இணையத்தில் எடுத்த, உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டுக்கு மட்டுமே இது உண்டு. கவுன்ட்டரில் வாங்கிய டிக்கெட்டுக்கு இல்லை. பதிவு முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அதிலுள்ள இணைப்பில் போய் நாமினி பெயரைப் பதிய வேண்டும். விளம்பரம் என்று நினைத்து அதை அழித்துவிட்டால், பின்னாளில் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய வேண்டியது குடும்பம்தான்.

இந்த 45 பைசா தாமதத்துக்கு எதுவும் தராது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று நூற்றுக்கணக்கானோர் தவித்தார்களே, அப்படிப்பட்ட தடங்கலுக்கு இதில் இடமில்லை. ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்பும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணியும் ஏறாவிட்டால், ரயில் புறப்படும் முன்பே விண்ணப்பித்து முழுத் தொகையைப் பெறலாம். இவற்றுக்குக் காப்பீடே வேண்டாம்.

விமானத்திலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் துணைக்கு இருக்கின்றன. உரிய காலத்தில் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானமோ கட்டணமோ தருவதோடு, பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதை நிறுவனம் தர வேண்டும். புயல், வெள்ளம் போன்ற காரணமென்றால் இந்த இழப்பீடு இல்லை. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது போன்ற சமயத்தில், டிக்கெட் பணம் திரும்பினாலும் தங்குமிடச் செலவு பயணியின் தலையில்தான் விழும்.

ஆக, மிஞ்சுவது முன்கூட்டிக் கட்டி, திரும்பி வராத பணம். அந்தமானுக்கு ஒரு குடும்பமே போக விமானம், கப்பல், விடுதி எல்லாவற்றுக்கும் மாதங்களுக்கு முன்பே கட்டியிருந்தால் காப்பீடு எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் திருச்சிப் பயணத்துக்கு இல்லை. லே போன்ற 3,500 மீட்டர் உயர இடங்களுக்கும், கேதார்நாத் போன்ற மலைத் தலங்களுக்கும் போகிறவர்கள் அவசர மீட்புச் செலவு சேர்ந்த பாலிசியைத் தேடலாம். அதிலும் மலையேற்றத்துக்கு உயர வரம்பு வைத்திருக்கிறார்களா என்பதை விதிகளில் படித்தாக வேண்டும்.

ரத்துப் பாதுகாப்பு என்றால் எந்தக் காரணத்துக்கும் பணம் வரும் என்று எண்ணக் கூடாது. திடீர் நோய், நெருங்கிய உறவினர் மரணம் போன்றவற்றையே பாலிசி ஏற்கும். மனம் மாறியதையோ லீவு கிடைக்காததையோ பொதுவாக ஏற்காது. ஏற்கெனவே இருந்த நோய் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். புயல் அறிவிப்பு வந்த பிறகு வாங்கிய பாலிசியும் அந்தப் புயலுக்கு உதவாது. பதிவுத் தளங்கள் விற்கும் ‘இலவச ரத்து’ வசதி பல சமயம் காப்பீடே அல்ல, அந்தத் தளத்தின் சொந்த ஏற்பாடு.

கேட்காமலே கட்டணத்தில் காப்பீட்டைச் சேர்ப்பது முறைகேடு. விமான டிக்கெட்டோடு தானாகக் காப்பீட்டைச் சேர்ப்பதையும், வேண்டாமென்பவரைக் குற்றவுணர்வுக்கு உள்ளாக்கும் வாசகங்களையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை ஒருமுறை பார்த்தாலே போதும்.

காப்பீடு எடுத்தவர் பாலிசியின் பி.டி.எஃப்., ரசீதுகள், போர்டிங் பாஸ், மருத்துவரின் குறிப்பு, விமானம் ரத்தானதாக வந்த செய்தி ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். பெட்டி தொலைந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் தந்து நகல் வாங்க வேண்டும். நிறுவனம் கிளைமை மறுத்தாலோ, புகாருக்கு 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது.