சிறையிலிருந்த தலைவரின் பெயரால் போரை நடத்தியவர்: தாஜுதீன் அகமது

வங்கதேசத்தின் முதல் பிரதமர் தாஜுதீன் அகமது. 1971-இல் அந்நாட்டின் விடுதலைப் போர் நடந்த ஒன்பது மாதமும் ஷேக் முஜிபுர் ரகுமான் மேற்குப் பாகிஸ்தானில் சிறையிலிருந்தார். அவர் பெயரால் அரசை அமைத்ததும், சிதறிக் கிடந்த படைகளை ஒன்றுதிரட்டியதும், அயல்நாடுகளின் ஆதரவைத் தேடியதும் தாஜுதீன்தான்.

டாக்காவுக்கு வடக்கே, கபாசியா வட்டாரத்தின் தர்தரியா கிராமத்தில் 1925 ஜூலை 23-இல் பிறந்தார். டாக்கா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். 1954 தேர்தலில் முஸ்லிம் லீகின் மாகாணப் பொதுச்செயலாளரைத் தோற்கடித்துச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 28. இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தன்னாட்சி கேட்கும் ஆறு அம்சக் கோரிக்கையை 1966-இல் முஜிப் முன்வைத்தார். அதே ஆண்டு முஜிபின் கட்சியான அவாமி லீகின் பொதுச்செயலாளரான தாஜுதீன், சில வாரங்களிலேயே கைதாகி 1969 வரை சிறையில் கிடந்தார். கூட்டங்களைத் தன் பேச்சால் ஈர்த்தவர் முஜிப். அறிக்கைகளை வரைந்து, கட்சியின் அன்றாட வேலைகளைக் கவனித்தவர் தாஜுதீன்.

1970 டிசம்பர் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் வென்றது. இராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் மக்களைச் சுட்டுக் கொல்லத் தொடங்கியது, முஜிப் கைதானார். தாஜுதீன் குடும்பத்தைப் பிரிந்து, கட்சித் தோழர் அமீருல் இஸ்லாமுடன் தலைமறைவாகப் பயணம் செய்து மார்ச் 30-இல் இந்திய எல்லையை அடைந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் டெல்லியில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்தார்.

தாஜுதீன் தம் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தது அப்போதுதான். ஒரு கட்சியின் தலைவராகப் போய் நின்றால் அனுதாபம் கிடைக்கலாம். ஓர் அரசின் பிரதிநிதியாகப் போனால்தான் ஆயுதமும் பயிற்சியும் கேட்க முடியும். மற்ற தலைவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத நிலையில், முஜிபைக் குடியரசுத் தலைவராகக் கொண்ட அரசு அமைந்துவிட்டதாகவும், அதன் பிரதமர் தாமே என்றும் தெரிவித்தார். கட்சியின் இளைஞர் தலைவர்கள் பலர் இதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. ஆனால் அன்று அவர் தயங்கியிருந்தால், எதிர்ப்புப் போர் ஆங்காங்கே நடந்த கிளர்ச்சிகளாகவே நின்று போயிருக்கும்.

ஏப்ரல் 17-இல் மெஹர்பூர் அருகே பைத்யநாத்தலா என்ற ஊரின் மாந்தோப்பில், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் முன்னிலையில் அமைச்சரவை பதவியேற்றது. அந்த இடத்துக்கு முஜிப்நகர் என்று பெயர் வைத்தார்கள். சையது நஸ்ருல் இஸ்லாம் தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். அரசு உண்மையில் இயங்கியது கல்கத்தாவின் 8, தியேட்டர் சாலைக் கட்டடத்தில். நாடு விடுதலை பெறும் வரை இல்லற வாழ்வு இல்லை என்று முடிவெடுத்த தாஜுதீன், மனைவி மக்கள் அதே நகரில் இருந்தும் அலுவலகத்தை ஒட்டிய அறையிலேயே தங்கினார்.

பாகிஸ்தான் இராணுவத்தை மட்டும் சமாளித்தால் போதும் என்ற நிலை அவருக்கு வாய்க்கவில்லை. படைத் தளபதி ஓஸ்மானியின் தலைமையில் 11 போர்ப் பிரிவுகள் களத்தில் இருக்க, இந்திய உளவுத்துறையின் துணையோடு முஜிப் பாஹினி என்ற படை தாஜுதீனின் கட்டுப்பாட்டுக்கு வெளியே தனியாக வளர்ந்தது. அவருடைய வெளியுறவு அமைச்சர் கொந்தகர் முஷ்தாக் அகமதின் ஆட்கள் கல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தோடு இரகசியமாகப் பேசினார்கள். தாஜுதீன் முஷ்தாக்கை ஓரங்கட்டினார். செப்டம்பரில் மூத்த அரசியல் தலைவர் பாஷானி, கம்யூனிஸ்டுத் தலைவர் மோனி சிங் முதலியோரைச் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்துப் போரை ஒரு கட்சியின் போர் என்ற நிலையிலிருந்து விரிவாக்கினார். டிசம்பர் 6-இல் இந்தியா வங்கதேசத்தை அங்கீகரித்தது. 16-ஆம் தேதி பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது.

1972 ஜனவரி 10-இல் முஜிப் நாடு திரும்பினார். இரண்டே நாளில் தாஜுதீன் பிரதமர் பதவியை அவரிடம் ஒப்படைத்து நிதியமைச்சரானார். நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தவரும் அவரே. இருவருக்கும் இடையே விரிசல் வளர்ந்தது. ஒன்பது மாதப் போர் எப்படி நடந்தது என்று முஜிப் தம்மிடம் கேட்டதேயில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்ததைக் குடும்பத்தினர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். பஞ்சம் வாட்டிய 1974-இல், அக்டோபர் 26 அன்று, முஜிப் கேட்டுக்கொண்டபடி அவர் பதவி விலகினார். வங்கதேசத்தின் தொடக்க ஆண்டுகளில் நேர்ந்த பெரிய இழப்புகளில் இதுவும் ஒன்று. திறமையான நிர்வாகி மிகத் தேவைப்பட்ட வேளையில் அவர் வெளியே நின்றார்.

1975 ஆகஸ்ட் 15-இல் முஜிபும் குடும்பத்தினர் பலரும் கொல்லப்பட்டபின் முஷ்தாக் குடியரசுத் தலைவரானார். புதிய ஆட்சி தாஜுதீனைச் சிறையில் அடைத்தது. நவம்பர் 3 அதிகாலை, டாக்கா மத்திய சிறைக்குள் நுழைந்த இராணுவத்தினர் அவரையும் போர்க்கால அரசில் அவருடன் இருந்த நஸ்ருல் இஸ்லாம், மன்சூர் அலி, கமருஸ்ஸமான் ஆகியோரையும் சுட்டுக் கொன்றார்கள். கொலை வழக்கு 21 ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. முதல் தீர்ப்பு 2004-இல்தான் வந்தது.