தெளிவும் வெம்மையும்

உச்சி வெயிலிற் கல்முனைக் கடைத்தெருவில் நிற்கும் மோட்டார் வண்டியின் முன்விளக்கை நோக்குக. கண்ணாடிபோல் தோன்றும் அதன் மூடி பெரும்பாலும் பொலிக்காபனேற்று என்னும் பிளாத்திக்கே. 1953இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியில் ஹெர்மன் ஷ்னெல் இதனை ஆக்கினார். ஏறத்தாழ 147 பாகை செல்சியசு வரை இது இளகாது. எளிதில் உடையவும் மாட்டாது.

இதனினும் மிகுந்த வெப்பந் தாங்குதற்கு வேறொரு பல்பகுதியத்தைக் கலந்தாற் போதாதோ எனின், ஈண்டே இடர் எழுகின்றது. சீனி கரைந்த நீர் தெளிந்திருக்கும். தேங்காயெண்ணெயிட்டுக் கலக்கிய நீரோ மங்கும். எண்ணெய்த் துளியும் நீரும் ஒளியை வெவ்வேறளவில் முறிப்பதே காரணம். ஏ.பி.எஸ். என்னும் பிளாத்திக்கைப் பொலிக்காபனேற்றுடன் கலப்பினும் அவ்வாறே. வார்த்தல் எளிதாகும், தெளிவு போகும், வெப்பந் தாங்கும் ஆற்றலுங் குறையும். ஒன்றிக் கரையும் சில பொலியெசுத்தர்களைக் கலப்பின் தெளிவு நிலைக்கும். ஆயினும் கலவை முன்னதினுங் குறைந்த வெப்பத்தில் இளகும்.

ஆகவே அறிஞர் பிறிதொரு வழி கண்டனர். ஆக்கிய பின் கலவாது, ஆக்கும்போதே மூலக்கூற்றுச் சங்கிலியிற் பருமனான அலகுகளை இணைத்தனர். சங்கிலி விறைத்தது, இளகும் வெப்பநிலை 180 பாகைக்கு மேலும் உயர்ந்தது, தெளிவுங் கெடவில்லை. எனினும் அடிதாங்கும் வலிமை சற்றே குறைந்தது.

ஆதலின் ‘வெப்பந் தாங்கும்’ என்னும் ஒரு சொல்லைக் கண்டு பொருள் தேர்தல் சாலாது. எதனை இழந்து எதனைப் பெற்றது என வினவுதலே அறிவியல் மாணவர் கடன்.